சாம்பாரும் பாலிதீன் பையும்

ராத்திரி கடையில் கொதிக்கக் கொதிக்க சாம்பாரைப் பாலிதீன் பையில் கட்டித் தருகிறார்கள். நாமும் வாங்கி வருகிறோம். கொஞ்சம் யோசிப்போமா?

1933-ல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட பாலிஎத்திலீன் தன்னளவில் விஷமல்ல. பால் பாக்கெட்டும் அதுதான். ஆனால் அதில் ஊற்றுவது குளிர்ந்த பால்! குறையடர்த்தி ரகம் ஏறக்குறைய 110 டிகிரி செல்சியசில் உருகும். அதற்கு முன்பே இளகிவிடும். சூடும் எண்ணெயும் சேர்ந்தால், தயாரிப்பின்போது கலந்த சேர்மானங்கள் உணவில் இறங்க வழியுண்டு.

கறுப்புப் பை இன்னும் மோசம். பெரும்பாலும் பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்தது. முன்பு அதில் என்ன இருந்ததோ, யார் கண்டது? மறுசுழற்சிப் பையில் உணவு வைக்கக்கூடாதென 1999-லேயே மத்திய அரசு விதி செய்தது. தமிழ்நாட்டில் 2019 முதல் கேரி பேக்குக்கே தடை.

ஆகவே, சூடானதுக்கு எவர்சில்வர் தூக்குதான். அறைக்கு ஒன்று வாங்கி வைப்போம், வயிறு நம்முடையதாச்சே!