தாதிப் பணியின் முதல் ஆண்டுகள்: நிலைப்பதா, மாறுவதா?

மகளைத் தாதியாகக் காண வேண்டும் என்பது நம் தோட்டப்புறப் பெற்றோர் பலரின் நெடுநாள் ஆசை. அவ்வாசை நிறைவேறி, மகள் பயிற்சியை முடித்துச் சிங்கப்பூர் சென்று பணியில் அமர்ந்ததும் தம் கடமை முடிந்தது எனப் பெற்றோர் எண்ணுகின்றனர். கடினமான முடிவுகள் அதன் பின்னரே தொடங்குகின்றன. வேலையில் சேர்ந்த ஆறாம் மாதத்திலோ பத்தாம் மாதத்திலோ, "அம்மா, இந்த வேலை எனக்கு வேண்டாம், வீட்டுக்கே வந்துவிடுகிறேன்" என்று மகள் தொலைபேசியில் கூறினால் நாம் என்ன விடை சொல்வது? "பொறுத்துக்கொள்" என்பதும் "உடனே வந்துவிடு" என்பதும் அவசர விடைகளே. சாங்கி வட்டார மருத்துவமனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்வினாவுக்கு எவ்வாறு விடை காண்பது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

சாங்கி தரும் பாடம்

சிங்கப்பூரில் முறையான தாதிப் பணி 1885ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் தொடங்கியது. சிப்பாய் லைன்ஸ் என்ற இடத்திலிருந்த பொது மருத்துவமனையில் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகள் அன்று நோயாளிகளைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றனர். அதன் நினைவாகவே சிங்கப்பூரில் ஆகஸ்டு முதல் நாள் தாதியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

தீவின் கிழக்குக் கோடியில் உள்ள சாங்கியில், 1930-களில் பிரிட்டிஷ் படையினருக்காகக் கட்டப்பட்ட கட்டடங்களில் பழைய சாங்கி மருத்துவமனை இயங்கி வந்தது. 1997ஆம் ஆண்டில் அதுவும் தோ பாயோ மருத்துவமனையும் ஒன்றிணைக்கப்பட்டு, சீமெய் பகுதியில் இன்றைய சாங்கி பொது மருத்துவமனை உருவாயிற்று. இன்று அது 1000-க்கு மேற்பட்ட படுக்கைகளைக் கொண்ட பெரிய பொதுத்துறை மருத்துவமனை.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. கட்டடம் மாறலாம், பெயர்ப் பலகை மாறலாம். தாதி கற்ற திறனும் அவள் பெயரில் உள்ள தொழிற்பதிவும் அவளுடனேயே செல்கின்றன. ஆகவே, வேலை மாற்றம் என்பது அஞ்சத்தக்கதன்று. கையில் திறன் சேருமுன்னரே மாறுவதுதான் எண்ணிப் பார்க்கத்தக்கது.

முதலாண்டின் அதிர்ச்சி

பயிற்சிப் பள்ளியில் ஒரு நோயாளியை நிதானமாகக் கவனிக்கக் கற்றவள், வார்டில் ஒரே வேளையில் பல நோயாளிகளைப் பார்க்க வேண்டியவளாகிறாள். மருந்து கொடுத்தல், குறிப்பு எழுதுதல், உறவினருக்கு விடையளித்தல் ஆகிய அனைத்தும் ஒருங்கே வந்து சேர்கின்றன. காலை, பிற்பகல், இரவு என முறைவேலை மாறி மாறி வருவதால் உறக்கமும் உணவும் நிலைகுலைகின்றன. தவறு நேர்ந்துவிடுமோ என்ற அச்சமும் அவளை விடுவதில்லை.

இஃது ஒருத்தியின் பலவீனமன்று. மார்லின் கிரேமர் என்ற அமெரிக்கத் தாதியர் கல்வி அறிஞர் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பள்ளியில் கற்றதற்கும் வார்டில் காண்பதற்கும் உள்ள இடைவெளி புதிய தாதியரை நிலைகுலையச் செய்வதை விளக்கி, அதற்கு 'நடைமுறை அதிர்ச்சி' என்ற பொருள்படப் பெயரிட்டார். பத்தாண்டுகளுக்குப் பின், 1984இல், பெட்ரிசியா பென்னர் என்பவர் தாதியின் வளர்ச்சியை ஐந்து படிகளாக வகுத்தார். புதியவர், சற்றுப் பழகியவர், தகுதி பெற்றவர், தேர்ச்சி பெற்றவர், வல்லுநர் என்பன அப்படிகள். ஒரே வகையான பணியில் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்தவரே பொதுவாக மூன்றாம் படியை அடைகிறார் என்பது அவர் கருத்து.

பால்மரம் வெட்டும் நம் வாசகர்களுக்கு இஃது எளிதில் விளங்கும். புதிதாகக் கத்தி பிடிப்பவருக்கு இளமரங்களைக் கொடுப்பதில்லை. பழைய மரங்களில் பழகிய பின்னரே நல்ல நிரை கிடைக்கிறது. தொடக்கத்தில் வெட்டு ஆழமாகிப் பட்டைக்கு உள்ளே காயம் படுவதுண்டு. எவ்வளவு ஆழம் போகலாம் என்பதைக் கை உணரும் காலம் ஒன்று இருக்கிறது. அக்காலம் வருமுன் தோட்டம் தோட்டமாக மாறுகிறவர், ஒவ்வொரு தோட்டத்திலும் புதியவராகவே நிற்பார். தாதிப் பணியும் அத்தகையதே.

எதை விட்டு விலக விரும்புகிறாள்?

"வேலை வேண்டாம்" என்னும் சொல்லுக்குப் பின்னே மூவகைக் காரணங்கள் இருக்கலாம். அவற்றைப் பிரித்தறிவதே முதற்கடமை.

முதலாவது, களைப்பு. தொடர்ந்து வந்த இரவு முறைவேலை, வீட்டு நினைவு, தனிமை ஆகியவற்றால் எழுவது இது. காலமும் ஓய்வும் இதற்கு மருந்தாகும். இரவுப் பணி முடிந்த காலையில் எந்த முடிவும் எடுத்தலாகாது. விடுப்பில் வீடு வந்து நான்கு நாள் உறங்கி எழுந்த பின்னும் அதே எண்ணம் நிலைத்தால், அதனை ஆராயலாம்.

இரண்டாவது, பொருத்தமின்மை. அவசரப் பிரிவின் பரபரப்பு ஒருத்திக்கு உற்சாகமளிக்கும். மற்றொருத்தியை நடுங்க வைக்கும். முதியோரைப் பொறுமையுடன் பேணுவதில் சிறந்து விளங்குபவள் அறுவைக் கூடத்தில் வாடிப்போகலாம். இங்கே குறை அவளிடத்திலும் இல்லை, தொழிலிலும் இல்லை. இடம் மாறினால் போதும்.

மூன்றாவது, தீங்கு. மேலாளர் இழிவாக நடத்துதல், நோயாளிக்கோ தாதிக்கோ ஆபத்து விளையுமாறு பணி சுமத்துதல், உடலுக்கும் மானத்துக்கும் ஊறு நேர்தல் ஆகியவை இதில் அடங்கும். இங்கே பொறுமை நற்பண்பாகாது. நடந்ததை நாள், நேரத்துடன் எழுதி வைத்து, வார்டுப் பொறுப்பாளரிடமும் மனிதவளப் பிரிவிடமும் முறையிட வேண்டும். சிங்கப்பூரில் சுகாதாரச் சேவை ஊழியர் சங்கமும் உண்டு. உறுப்பினர் அதன் உதவியை நாடலாம். தீர்வு இல்லையெனில் விலகுவதே அறிவுடைமை.

மாற்றத்தின் படிகள்

மாறத்தான் வேண்டும் என்றால், கீழ்ப்படியிலிருந்து மேற்படிக்குச் செல்லுதல் நன்று.

1. முறைவேலை மாற்றம் அல்லது வார்டு மாற்றம். ஒரே மருத்துவமனைக்குள் விண்ணப்பிப்பதால் சேவைக் காலமும் சலுகைகளும் அறுபடுவதில்லை.

2. துறை மாற்றம். கடும் நோய்ப் பிரிவிலிருந்து மறுவாழ்வுப் பராமரிப்புக்கோ சமூக மருத்துவமனைக்கோ செல்லலாம். சீமெய் பகுதியிலேயே, சாங்கி பொது மருத்துவமனைக்கு அருகில், செயிண்ட் ஆண்ட்ரூஸ் சமூக மருத்துவமனை இருக்கிறது. அங்கு நோயாளிகள் நீண்ட நாள் தங்கித் தேறுகின்றனர். பணியின் வேகமும் தன்மையும் வேறு.

3. நிறுவன மாற்றம். வேறு மருத்துவமனைக்குச் செல்வது இது.

4. தொழில் மாற்றம். தாதிப் பணியையே விட்டுவிடுவது இறுதிப் படி. முதல் மூன்று படிகளையும் எண்ணிப் பாராமல் நான்காம் படிக்குத் தாவுவோரே பின்னர் வருந்துகின்றனர்.

மேலும், தாதிக்கு முன்னேறும் வழி ஒன்றே என்று கருதலாகாது. நோயாளியின் அருகிலிருந்தே உயரும் மருத்துவப் பராமரிப்பு வழி, வார்டை நடத்தும் நிருவாக வழி, புதியோரைப் பயிற்றும் கல்வி வழி எனப் பாதைகள் பல உள்ளன. எப்பாதைக்கும் முதல் ஆண்டுகளின் வார்டு அனுபவமே அடித்தளம்.

கூடுதல் சம்பளக் கணக்கு

சம்பளத்திற்காக மாறுவது குற்றமன்று. கணக்குப் போடாமல் மாறுவதே குற்றம். எடுத்துக்காட்டாக, புதிய இடத்தில் மாதம் 250 வெள்ளி கூடுதலாகக் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். அறை வாடகை 150 வெள்ளியும் போக்குவரத்து 60 வெள்ளியும் கூடினால், எஞ்சுவது 40 வெள்ளியே. ஆண்டிறுதிப் போனஸ் பெறுமுன் விலகினால் அந்த 40 வெள்ளியும் பல மாதங்களுக்குக் கைக்கு வாராது.

நிலைத்திருப்பதற்கும் பயன் உண்டு. கோவிட் பெருந்தொற்றுக்கு முன்னர் சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2000 சுகாதார ஊழியர்கள் வேலையை விட்டனர்; 2021ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களிலேயே சுமார் 1500 பேர் விலகியதாக அந்நாட்டு நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. தாதியரை நிலைநிறுத்தும் பொருட்டு 2024ஆம் ஆண்டில் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. அதன்படி, பொதுத்துறையில் நீண்ட காலம் பணியாற்றும் தகுதியுடைய தாதியர், 20 ஆண்டுக் காலத்தில் 100,000 சிங்கப்பூர் வெள்ளி வரை பெறலாம். இத்தொகை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பகுதி பகுதியாக வழங்கப்படும். வேறிடம் மாறுமுன் இத்தகைய பயன்களையும் தட்டில் வைத்து நிறுக்க வேண்டும்.

கையெழுத்திட்ட தாள்கள்

முடிவெடுக்குமுன் மூன்று தாள்களை வாசித்தல் வேண்டும்.

முதலாவது, ஒப்பந்தச் சேவைப் பத்திரம். உதவித்தொகையில் பயின்றோர் குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்றக் கட்டுப்பட்டவர்கள். இடையில் விலகினால் பணம் திருப்பிச் செலுத்த நேரிடும். பிணைக் கையெழுத்திட்டவர் தந்தையாகவோ தாய்மாமனாகவோ இருந்தால், அச்சுமை லயத்து வீட்டுக்கு வந்து சேரும்.

இரண்டாவது, வேலை ஒப்பந்தம். விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது அதில் இருக்கும். ஒப்பந்தத்தில் அது குறிக்கப்படாவிட்டால், சிங்கப்பூர் வேலைச் சட்டப்படி 26 வாரத்துக்குக் குறைந்த சேவைக்கு ஒரு நாளும், 26 வாரம் முதல் 2 ஆண்டுக்குள் ஒரு வாரமும், 2 முதல் 5 ஆண்டுக்குள் இரண்டு வாரமும், 5 ஆண்டும் அதற்கு மேலும் நான்கு வாரமும் முன்னறிவிப்புத் தர வேண்டும். சொல்லாமல் கிளம்பி வருவது சட்டத்துக்கும் புறம்பு, நற்பெயருக்கும் கேடு.

மூன்றாவது, தொழிற்பதிவு. அயல்நாட்டில் பயின்ற தாதியருக்குச் சிங்கப்பூர்த் தாதியர் வாரியம் முதலில் நிபந்தனைக்குட்பட்ட பதிவையே வழங்குகிறது. அவர்கள் மேற்பார்வையின் கீழ்ப் பணியாற்றுகின்றனர். ஆகவே, முதலாளியை மாற்றுமுன் பதிவும் வேலை அனுமதியும் என்னவாகும் என்பதை எழுத்து மூலம் கேட்டறிதல் இன்றியமையாதது.

பெற்றோர் கடமை

தொலைபேசியில் மகள் அழும்பொழுது, "ஊரார் என்ன சொல்வர்?" என்று கேட்டலாகாது. அச்சொல் அவள் வாயை அடைத்துவிடும். அடுத்த முறை உண்மையான தீங்கு நேர்ந்தாலும் அவள் சொல்லமாட்டாள். "இந்த வேலை வேண்டாமா, இந்த வார்டு வேண்டாமா, இந்த மாதம் வேண்டாமா?" என்று நிதானமாகக் கேட்க வேண்டும். அவளுடைய விடையிலிருந்தே வழி பிறக்கும். வீட்டுக்குப் பணம் அனுப்பும் பொறுப்பினால் மட்டும் அவள் பிடிக்காத இடத்தில் கட்டுண்டு கிடந்தால், அப்பாரத்தைச் சில மாதங்களுக்குக் குறைத்துக்கொள்வதும் பெற்றோர் செய்யத்தக்க உதவியே.

தீங்கு இருப்பின் உடனே விலகுக. பொருத்தம் இல்லையெனில் இடம் மாறுக. களைப்பு மட்டுமெனில் ஓய்ந்து தொடர்க. இம்மூன்றையும் பிரித்தறிந்து எடுக்கும் முடிவு எதுவாயினும், அது தோல்வியாகாது.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. உங்கள் மகளோ தங்கையோ கையெழுத்திட்ட சேவைப் பத்திரத்தின் காலம் எவ்வளவு? பிணையாளர் யார்?

2. களைப்பு, பொருத்தமின்மை, தீங்கு ஆகியவற்றை எவ்வாறு வேறுபடுத்துவீர்?

3. மாதம் 250 வெள்ளி கூடுதலாகத் தரும் வேலை எப்பொழுது இலாபம், எப்பொழுது நட்டம்? குடும்பத்தாருடன் அமர்ந்து தாளில் கணக்கிட்டுப் பாருங்கள்.