கை கால் தேறிவிட்டது, கணக்கு தப்புகிறது

கேள்வி: அப்பா திரேஸ்புரத்தில் சங்கு குளித்தவர். பக்கவாதம் வந்து நடமாட்டம் தேறிவிட்டது. ஆனால் கடையில் சில்லறை எண்ணத் தடுமாறுகிறார், எதிலும் பிடிப்பில்லை. அன்று சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்களே?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: அன்று சி.டி. எடுத்ததே முக்கியமாக ரத்தக்கசிவு உண்டா என்று பார்க்கத்தான். ரத்தக்குழாய் அடைப்பு முதல் சில மணி நேரம் அதில் தெரியாமலே போகலாம். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாருங்கள். மூளையின் நடுவிலுள்ள தலாமஸில் புளியங்கொட்டையளவுகூட இல்லாத அடைப்பே நினைவையும் ஊக்கத்தையும் குலைத்துவிடும்; கை கால் தப்பிவிடும். வீட்டில் சோம்பேறி என்று ஏசுவார்கள், பாவம்! மூளையின் வெண்பகுதியில் பழைய சேதம் இருந்தாலும் எம்.ஆர்.ஐ. காட்டும். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் வெகுவாகச் சுருங்கியிருந்தால் அல்சைமரும் சேர்ந்திருக்கிறதா என்று யோசிக்க வேண்டும்.

கம்ப்ரஸர் காற்றில் மூழ்கியவரா? டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். அழுத்த மாற்றத்தால் வரும் நோயும் மூளையைத் தொடும். பேஸ்மேக்கர் இருந்தால் அதையும் எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன்பே சொல்லுங்கள்.

படம் மட்டும் போதாது. கடிகாரம் வரையச் சொல்வது, சொற்களை நினைவுபடுத்தச் சொல்வது போன்ற சோதனையும் தேவை. மனச்சோர்வும் இப்படித்தான் தோன்றும், அதற்கு மருந்துண்டு. பழைய சி.டி. ஃபிலிமையும் ரத்த அழுத்த, சர்க்கரைச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.