முதுமைக்கு ஊன்றுகோல்: ஓய்வூதியமும் உதவித்தொகையும்

முன்னுரை

'அவிநாசி' என்னும் சொல்லுக்கு 'அழிவில்லாதது' என்பது பொருள். திருப்புக்கொளியூர் என முன்னோர் வழங்கிய இவ்வூர், இன்று திருப்பூர் மாவட்டத்தின் ஒரு வட்டத் தலைநகராக விளங்குகின்றது. சுற்றிலும் பனியன் கம்பெனிகளும் விசைத்தறிக் கூடங்களும் நிறைந்துள்ளன. ஊருக்கு அழிவில்லை எனினும் உழைக்கும் உடலுக்குத் தளர்ச்சி உண்டு. அத்தளர்ச்சிக் காலத்தில் உழைப்பாளியைத் தாங்குவது யார்? அரசு அளிக்கும் துணை எவ்வளவு? பெருகிவரும் பராமரிப்புச் செலவுக்கு அது போதுமா? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு சொற்கள்

முதுமைக்கால வருவாயைக் குறிக்க நம்மிடையே இரு சொற்கள் வழங்குகின்றன. ஒன்று 'ஓய்வூதியம்', மற்றொன்று 'முதியோர் உதவித்தொகை'. முன்னதில் 'ஊதியம்' என்னும் சொல் நிற்கின்றது. ஊதியம் என்பது உழைத்தவன் பெறுவது. கேட்டுப் பெறும் உரிமை அவனுக்கு உண்டு. பின்னதில் 'உதவி' என்னும் சொல் நிற்கின்றது. உதவி என்பது கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. 1982 டிசம்பர் 17 அன்று நகரா வழக்கில் தீர்ப்புரைத்த உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் என்பது முதலாளி மனமிரங்கி அளிக்கும் கொடையன்று, முன்னர் ஆற்றிய பணிக்குரிய உரிமை என நிலைநாட்டியது. அந்நாளையே ஓய்வூதியர் நாளாக இந்திய நாட்டார் கொண்டாடுகின்றனர்.

ஆனால் முப்பதாண்டுக் காலம் ஓவர்லாக் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருந்த ஒரு பெண்மணி, முதுமையில் பெரும்பாலும் 'உதவி' என்னும் சொல்லின் கீழேயே வந்து நிற்கின்றார். இவ்வேறுபாடு சொல்லளவில் நின்றுவிடவில்லை. அவருடைய அன்றாடச் சோற்றிலும் மருந்திலும் அது தெரிகின்றது.

வரலாற்றுப் பார்வை

முதியோர்க்கு அரசே பொறுப்பேற்க வேண்டும் என்னும் கருத்து உலகில் மெல்லவே வேரூன்றியது. 1889ஆம் ஆண்டில் பிஸ்மார்க் காலத்து ஜெர்மனி, 70 வயது நிறைந்த தொழிலாளர்க்கு முதுமைக் காப்பீட்டைச் சட்டமாக்கியது. இங்கிலாந்து 1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் இயற்றியது. நம் அரசமைப்புச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, முதுமையிலும் நோயிலும் அரசின் துணை பெறும் உரிமையை வழிகாட்டு நெறியாகக் கூறுகின்றது.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகைத் திட்டம், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1962 ஏப்ரல் முதல் நாள் தொடங்கப்பெற்றது. அன்று அளிக்கப்பெற்ற தொகை மாதம் 20 ரூபாய். பின்னர் 1975இல் ஆதரவற்ற விதவையர்க்கும், 1981இல் உழவுத் தொழிலாளர்க்கும் தனித்திட்டங்கள் வந்தன. மத்திய அரசு 1995 ஆகஸ்ட் 15 அன்று தேசிய சமூக உதவித் திட்டத்தைத் தொடங்கி, 65 வயது கடந்த ஆதரவற்றோர்க்கு மாதம் 75 ரூபாய் வழங்கியது. அத்தொகை 2006இல் 200 ரூபாயாக உயர்ந்தது. 2011இல் வயது வரம்பு 60 எனத் தளர்த்தப்பெற்று, 80 கடந்தோர்க்கு 500 ரூபாய் என ஆயிற்று. தமிழக அரசு தன் பங்கையும் சேர்த்து, மொத்தத் தொகையை 2011இல் 1,000 ரூபாயாகவும், 2023 ஆகஸ்ட் முதல் 1,200 ரூபாயாகவும் உயர்த்தியது. இதனுடன் வேட்டி, சேலை, அரிசி ஆகியனவும் வழங்கப்பெறுகின்றன.

இருபது ரூபாய் ஆயிரத்திருநூறாக வளர்ந்தது பெரிய வளர்ச்சியே. எனினும் 1,200 ரூபாயை முப்பது நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 40 ரூபாய்தான் தேறும் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பனியன் தொழிலாளியும் பத்தாண்டுக் கணக்கும்

தனியார் துறைத் தொழிலாளர்க்கு 1995 நவம்பர் 16 முதல் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் நடைமுறையில் உள்ளது. வருங்கால வைப்புநிதிக்காக முதலாளி செலுத்தும் பங்கிலிருந்து, ஊதியத்தில் 8.33 விழுக்காடு இத்திட்டத்திற்குச் செல்கின்றது. 10 ஆண்டுப் பணியும் 58 வயதும் நிறைந்தால் மாத ஓய்வூதியம் கிடைக்கும். அதனைக் கணக்கிடும் முறை எளிது: ஓய்வூதியத்திற்குரிய சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி, 70ஆல் வகுத்தல் வேண்டும். 10,000 ரூபாய் சம்பளத்தில் 14 ஆண்டுகள் பணிபுரிந்தவர்க்கு 2,000 ரூபாய் கிட்டும். 7,000 ரூபாய் சம்பளத்தில் 10 ஆண்டுகள் மட்டும் பணிபுரிந்தவர்க்கு 1,000 ரூபாய் கிட்டும். 2014 செப்டம்பரில் குறைந்தபட்ச ஓய்வூதியமாக நிர்ணயிக்கப்பெற்றதும் இந்த 1,000 ரூபாயே ஆகும்.

இதனோடு ஒன்றை ஒப்பிட்டுக் காணலாம். மத்திய அரசு ஊழியர்க்கென 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், 10 ஆண்டுப் பணிக்கு உறுதி செய்யப்பெற்ற குறைந்தபட்சத் தொகை 10,000 ரூபாய். பத்தாண்டு என்னும் அளவு இரண்டிலும் ஒன்றே. பெறும் தொகையோ பத்து மடங்கு வேறுபடுகின்றது.

அந்தப் பத்தாண்டுகளை எட்டுவதும் இப்பகுதியில் எளிதன்று. பீஸ் ரேட்டுக்குத் தைப்போர், காண்ட்ராக்டரின் கீழ்ப் பணிபுரிவோர், ஆர்டர் குறைந்ததும் வேறு கம்பெனிக்கு மாறுவோர் எனப் பலர் உளர். இவர்களுள் வைப்புநிதிக் கணக்கே இல்லாதோர் ஒரு சாரார். கணக்கு இருந்தும் பத்தாண்டு நிறையுமுன் மகள் திருமணத்திற்கோ வீட்டுச் செலவிற்கோ ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிடுவோர் மற்றொரு சாரார். அவ்வாறு எடுக்கும்போது பணம் மட்டுமின்றிச் சேர்ந்திருந்த பணிக்காலமும் கரைந்துவிடுகின்றது. வேலை மாறுவோர் பணத்தை எடுக்காமல் புதிய கணக்கிற்கு மாற்றிக்கொண்டாலோ, திட்டச் சான்றிதழ் பெற்று வைத்துக்கொண்டாலோ அக்காலம் காக்கப்பெறும். இவ்வுண்மையைத் தொழிலாளர் பலர் அறிந்திலர்.

மேலும், நூலும் ஊசியும் நோக்கி உழைத்த கண்கள் 58 வயது வரை காத்திருப்பதில்லை. பார்வை மங்கியதும் தையல்காரர் செக்கிங்கிற்கோ பிசிர் வெட்டுவதற்கோ மாறுகின்றார்; கூலியும் குறைகின்றது. உழைப்பு நிற்கும் வயதிற்கும் ஓய்வூதியம் தொடங்கும் வயதிற்கும் இடையே ஓர் இருண்ட இடைவெளி நிலவுகின்றது.

ஏறும் செலவு

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 60 வயது கடந்தோர் 10.4 விழுக்காட்டினர், இந்தியா முழுமைக்கும் அது 8.6 விழுக்காடாக இருந்தது. இவ்விகிதம் தமிழகத்தில் 2031இல் 18 விழுக்காட்டைக் கடக்கும் என மத்திய அரசின் மதிப்பீடு கூறுகின்றது. எனவே பராமரிப்பு வேண்டுவோர் பெருகுவர். பராமரிக்கும் கைகள் குறையும்.

கணவனும் மனைவியும் ஷிப்டுக்குச் செல்லும் வீட்டில் முதியவர் ஒருவர் படுக்கையில் வீழ்ந்தால், ஒருவர் வேலையை விட வேண்டும். அவ்வொருவர் பெரும்பாலும் மருமகளே. அவர் இழக்கும் வாரக்கூலி எந்தக் கணக்கேட்டிலும் பராமரிப்புச் செலவாக எழுதப்பெறுவதில்லை. மாறாக, ஆள் அமர்த்திப் பார்ப்பதாயின், நாட்கூலி 500 ரூபாய் எனக் குறைத்தே கொண்டாலும், மாதம் 15,000 ரூபாய் ஆகும். முதியோர் உதவித்தொகை அதில் பன்னிரண்டில் ஒரு பங்கும் ஆகாது.

விலையேற்றம் மற்றொரு சுமை. அரசு ஊழியர் ஓய்வூதியத்திற்கு அகவிலைப்படி உண்டு. உதவித்தொகைக்கும் தொழிலாளர் ஓய்வூதியத்திற்கும் அது இல்லை. விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறுவதாகக் கொண்டால், இன்றைய 1,000 ரூபாய் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 614 ரூபாயின் மதிப்பிற்கு இறங்கிவிடும். 2015இல் வந்த அடல் ஓய்வூதியத் திட்டத்தில், 18 வயதில் சேர்ந்து மாதம் 210 ரூபாய் செலுத்தும் இளைஞர் 60 வயதில் 5,000 ரூபாய் பெறுவார். அதே கணக்கின்படி அத்தொகையின் அன்றைய மதிப்பு, இன்றைய 650 ரூபாய்க்கும் சற்றுக் குறைவே. சேமிப்பு வேண்டாம் என்பது இதன் கருத்தன்று. சேமிப்பு மட்டும் போதாது என்பதே கருத்து.

உள்ள உரிமைகள்

குறைகள் பல இருப்பினும், உள்ள உரிமைகளையும் அறியாமல் இழத்தல் தகாது. முதியோர் உதவித்தொகை குறித்து வட்டாட்சியர் அலுவலகத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரை அணுகலாம். இ.எஸ்.ஐ. திட்டத்தில் ஐந்தாண்டுகளேனும் இருந்து, வயது முதிர்வால் ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் தம் துணைக்கும் மருத்துவ வசதி பெற விதி வகை செய்துள்ளது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மருந்துகளை இல்லத்திற்கே கொணர்ந்தது.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் நிறைவேறியது. கைவிடப்பெற்ற பெற்றோர் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிடலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை அளிக்க அச்சட்டம் இடமளித்தது. பராமரிப்பதாக உறுதி கூறிச் சொத்தை எழுதி வாங்கியவர் அதனை மீறினால், அப்பத்திரத்தைச் செல்லாததாக்கவும் வழி செய்தது. ஆயினும் பெற்ற மகன்மீது மனு எழுத எந்தத் தாயின் கையும் எளிதில் எழாது. மகனும் வாரக்கூலிக்காரனாயின், சட்டம் அவனிடமிருந்து எதனைப் பெற்றுத் தரும்? குடும்பத்தின் கடமையைச் சட்டம் நினைவூட்டலாம். குடும்பத்தின் வறுமையை அரசின் நிதியே தீர்த்தல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று தேவைகள் புலனாகின்றன. உதவித்தொகையும் குறைந்தபட்ச ஓய்வூதியமும் விலைவாசியோடு இணைந்து உயர்தல் வேண்டும். பீஸ் ரேட்டுத் தொழிலாளியின் பணிக்காலமும் தவறாது பதிவாதல் வேண்டும். முதியோரைப் பகற்பொழுதில் பேணும் இல்லங்கள் தொழிற்பகுதிகளில் தோன்றுதல் வேண்டும்.

இவை அரசும் தொழில் முனைவோரும் செய்ய வேண்டியவை. மாணவர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. தம் தெருவில் உள்ள தொழிலாளர்க்கு வைப்புநிதிக் கணக்கைப் பார்த்துச் சொல்லலாம். விரல்ரேகை தேய்ந்த முதியவர்க்கு, முகப்பதிவு வழியே ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று பதிந்து தரலாம். ஊர்ப் பெரியோரும், கோயில் குழுவினரும், பள்ளிவாசல் ஜமாஅத்தாரும், தேவாலயச் சபையினரும் மாதம் ஒருநாள் இதற்கென இடமளித்தால், விண்ணப்பம் எழுதத் தெரியாத காரணத்தால் உரிமை இழப்போர் குறைவர். நாட்டுக்கு உடுக்கை நெய்து தைத்துத் தந்த கைகள், முதுமையில் உதவி கேட்டு நீளாமல், தமக்குரிய ஊதியத்தைப் பெற நீளட்டும்.