வணிகப் பாடம்: கருப்பட்டியை நாக்குக்குக் காட்டி விற்பது

திராட்சை மது விற்கும் மேல்நாட்டுக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. குறித்த நாளில் மாலை வேளையில் நாலைந்து புட்டிகளைத் திறந்து வைத்து, வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு மிடறு கொடுப்பார்கள். கோடைக்கு இது, குளிருக்கு இது என்று பருவம் சொல்லி எடுத்துக் கொடுப்பார்கள். பிரான்சில் போஜொலே வட்டாரத்துப் புது மது 1985 முதல் நவம்பர் மாதத்து மூன்றாவது வியாழக்கிழமைதான் விற்பனைக்கு வருகிறது. அந்த ஒரு நாளுக்காகக் கடைக்காரர்கள் முன்கூட்டியே பலகை எழுதி வைக்கிறார்கள்.

அந்தச் சரக்கு நமக்கு வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் வசம் இருக்கிறது. அதற்கு முன்பும் நம் பக்கம் 'ஒயின்ஸ்' என்று பலகை தொங்கிய கடையில் பிராந்திதான் ஓடியது. ஆனால் விற்கும் முறையில் நாம் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது. கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்து மளிகைக் கடைகளில் அந்த முறைக்குப் பொருந்தும் சரக்கு கருப்பட்டி. அதற்குப் பருவம் உண்டு, ஊர்ப் பெயர் உண்டு, காய்ச்சியவர் கைப்பக்குவம் உண்டு, புதுசு பழசு என்ற பேதமும் உண்டு.

இன்று கருப்பட்டிக்கு வந்திருக்கும் சங்கடம் விலை அல்ல, சந்தேகம். சீனி கலந்த சரக்கு நடமாடுவதால் நல்ல சரக்கு வைத்திருப்பவரையும் வாடிக்கையாளர் ஏற இறங்கப் பார்க்கிறார். "அண்ணாச்சி, இது ஒரிஜினல்தானா?" என்ற கேள்விக்கு "நம்பி வாங்குங்க" என்று சொன்ன காலம் போய்விட்டது. ஒரு துண்டை உடைத்துக் கையில் கொடுப்பதுதான் பதில்.

கொடுப்பதற்கு முன் நம் நாக்கு பழக வேண்டும். பதநீர் இறக்கும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார்கள். தடவாமல் விட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். கள் இறக்குவதற்குத் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. ஆக நம் சரக்குக்கும் மதுவுக்கும் நடுவே நிற்பது ஒரு விரல் சுண்ணாம்புதான். அது கூடிப்போனால் கருப்பட்டி நாக்கில் சுருக்கென்று பிடிக்கும். குறைந்தால் பதநீர் லேசாகப் புளித்து, கட்டி சரியாக இறுகாது. வாயிலும் புளிப்பு தட்டும். காய்ச்சும்போது தீ மிஞ்சினால் காந்தல் வாடை வரும். பக்குவமான சரக்கில் இனிப்போடு சற்றுக் கரிப்பும், விழுங்கிய பின் ஒரு மணமும் நிற்கும். வெறும் இனிப்பு மட்டும் பட்டென்று ஏறி இறங்கினால் கொள்முதலை நிறுத்தி விசாரியுங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. கருப்பட்டியிலும் பெரும்பங்கு இருப்பது கரும்புச் சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். அதனால் நாக்கையும் கண்ணையும் மட்டும் நம்பிக் கலப்படத்தை முடிவாகச் சொல்லிவிட முடியாது. உடைத்த இடம் மினுங்கினால் சீனி என்பது கடைவீதிப் பேச்சு. அது சந்தேகத்துக்கு இடம், தீர்ப்பு ஆகாது. காய்ச்சுகிற குடும்பத்தையோ கூட்டுறவுச் சங்கத்தையோ நேரில் தெரிந்து வாங்குவதே பலமான காப்பு. வேம்பாறு நமக்குத் தூரமில்லை. சீசனில் ஒரு நடை போய் அடுப்பைப் பார்த்து வரலாம்.

இனி கடைக்கு வருவோம். பதநீர் பெரும்பாலும் பங்குனி முதல் ஆடி வரை. புதுச் சரக்கு இறங்கியதும் 'புதுக் கருப்பட்டி வந்துவிட்டது' என்று ஊர்ப் பெயரோடு சிலேட்டில் எழுதிக் கடை முன்னால் வையுங்கள். கூலி போடும் சனிக்கிழமை மாலை இதற்குத் தோதான நேரம். மூன்று தட்டு போதும்: புதுசு ஒன்று, போன வருஷத்துப் பழசு ஒன்று, வேறு ஊர்ச் சரக்கு ஒன்று. நாலாவது தட்டு வைத்தால் நாக்கு மரத்துவிடும். துண்டு புளியங்கொட்டை அளவு இருக்கட்டும், இடுக்கியால் எடுத்துக் கொடுங்கள், பக்கத்தில் குடிதண்ணீர் வையுங்கள். விலையைச் சுவைத்த பிறகு சொல்லுங்கள். முதலில் சொன்னால் விலை கூடியதுதான் ருசி என்று ஆகிவிடும்.

செலவைப் பற்றிப் பயம் வேண்டாம். 5 கிராம் துண்டாக உடைத்தால் ஒரு கிலோவில் 200 துண்டு. தூள், உதிரி போக 180 பேருக்குக் காணும். உதிரியைச் சுக்கு மல்லிக் காப்பியில் போட்டு அன்றைக்கே ஊற்றிக் கொடுத்துவிடலாம்.

பருவம் சொல்லி எடுத்துக் கொடுப்பது இதைவிட லாபமான வேலை. சித்திரை வெயிலில் பானகத்துக்குக் கருப்பட்டியோடு சுக்கும் ஏலக்காயும் சேர்த்துக் கட்டுங்கள். ஐப்பசி மழையில் சுக்கு, மல்லி, மிளகு. தை, மாசியில் கரிசல் காட்டுப் புது உளுந்து வரும்போது உளுந்தங்களிக்கு உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய் மூன்றும் நம் கடையிலேயே இருக்கின்றன. ஒரு வீட்டில் பெண்பிள்ளை பெரியவளானால் இந்த மூன்றையும் தேடித்தான் வருவார்கள். அளவு சொல்லி ஒரே பொட்டலமாகக் கொடுக்கிற கடைக்காரரை அந்த வீட்டுப் பெண்கள் மறக்க மாட்டார்கள்.

ஊர்ப் பெயர் எழுதும்போது கவனம் தேவை. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-லும் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வேறு இடத்துச் சரக்குக்கு அந்தப் பெயரைப் போடுவது சட்டப்படி குற்றம். கொள்முதல் சிட்டையில் என்ன ஊர் இருக்கிறதோ அதையே சிலேட்டிலும் எழுதுங்கள். ஊர் தெரியாத சரக்கை ஊர் போடாமலே விற்கலாம், தவறில்லை.

மாதிரிக்கு ஒன்று, மூட்டைக்கு ஒன்று என்ற பேச்சுக்கு இடமே கொடுக்காதீர்கள். வாங்குகிறவர் கண் முன்னால், அவருக்கு நிறுக்கிற அதே பெட்டியிலிருந்து உடையுங்கள். "போன தடவை இப்படி இல்லையே" என்று ஒருவர் திரும்பி வந்தால் வாதாட வேண்டாம். தட்டில் இரண்டையும் வைத்து அவரையே பார்க்கச் சொல்லுங்கள். பாதி நேரம் சரக்கு அதேதான், மழை ஈரம் குடித்திருக்கும்.

அந்த ஈரத்துக்கு வழி: ஐப்பசிக்கு முன்பே சரக்கைக் காற்றுப் புகாத டின்னில் அடைத்துச் சுவரை ஒட்டாமல் பலகை மேல் அடுக்குங்கள். அன்றாட விற்பனைக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுங்கள். அந்தக் காலத்தில் அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி வைத்தார்கள். கடைக்குப் பரணும் புகையும் சரிவராது. கசியத் தொடங்கிய கட்டியை விலை குறைத்து, காரணத்தைச் சொல்லி, காப்பிக் கடைக்குத் தள்ளிவிடுங்கள். சனிக்கிழமைத் தட்டுக்கு அது வரக் கூடாது.