மடக்கைக் கணக்கில் கெழுவின் பொருள்

விளைச்சல் ஆய்வு அறிக்கைகளில் ‘விளைச்சலின் மடக்கை’, ‘உர அளவின் மடக்கை’ என்னும் சொற்களை நாம் காண்கிறோம். தொடர்புப் போக்குச் சமன்பாட்டில் இவற்றிற்கு நேரே உள்ள கெழுவைப் பிழைபடப் படித்தால், ஒரு திட்டத்தின் பயனையே கூட்டியோ குறைத்தோ மதிப்பிட நேரும். ஆதலின் இதனைச் சிறிது ஆராய்வோம்.

பெருக்கலைக் கூட்டலாக மாற்றுவது மடக்கையின் இயல்பு. எனவே, விளைச்சலுக்கு மடக்கை எடுத்தபின் கெழு உணர்த்துவது எத்தனை கிலோ என்பதன்று. எத்தனை மடங்கு என்பதே.

அமெரிக்கத் தொழிற்சாலைகளின் 1899 முதல் 1922 வரையிலான உற்பத்தியைச் சார்லஸ் காப், பால் டக்ளஸ் ஆகிய இருவரும் 1928-இல் இம்முறையில் ஆராய்ந்தனர். உழைப்பின் கெழு 0.75, மூலதனத்தின் கெழு 0.25. மூலதனம் மாறாதிருக்க, உழைப்பு 1 சதவீதம் கூடினால் உற்பத்தி ஏறத்தாழ 0.75 சதவீதம் கூடும் என்பது இதன் பொருள். உழைப்பு இருமடங்கானால் 75 சதவீதம் கூடுமோ? கூடாது. 2-இன் 0.75-ஆம் அடுக்கு 1.68, ஆகவே கூடுவது 68 சதவீதமே. இந்தியாவில் 1954-55 முதல் நடைபெற்ற பண்ணை நிர்வாக ஆய்வுகளின் விவரங்களையும் ஆய்வாளர் பலர் இச்சமன்பாட்டில் இட்டுப் பார்த்தனர்.

விளைச்சலுக்கு மட்டும் இயற்கை மடக்கை எடுத்து, பாசனம் உண்டு என்பதற்கு 1, இல்லை என்பதற்கு 0 எனக் குறிப்பதும் உண்டு. கெழு 0.69 எனக் கொள்வோம். ‘பாசன நிலத்தில் விளைச்சல் 69 சதவீதம் மிகுதி’ என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் 2.718-இன் 0.69-ஆம் அடுக்கு ஏறத்தாழ 2. அதாவது விளைச்சல் இருமடங்கு! கெழு எதிர்க்குறி பெற்று −0.69 ஆயின், விளைச்சல் பாதி. கெழு 0.05 போலச் சிறிதாயின் 5 சதவீதம் என்று படிப்பதால் கேடில்லை. பெரிய கெழுக்களில் நேரும் இப்பிழையை ஹால்வோர்சன், பாம்குவிஸ்ட் என்போர் 1980-இல் எடுத்துக்காட்டினர். பள்ளியில் பயன்படும் பொது மடக்கை அட்டவணையைக் கொண்டு கணக்கிட்டிருந்தால் இதே கெழு 0.30 என வரும். முதலில் அதனை 2.303-ஆல் பெருக்கிக்கொள்ளல் வேண்டும். இருபுறமும் மடக்கை எடுத்த சமன்பாட்டிற்கு இத்தொல்லை இல்லை.

உர அளவிற்கு மட்டும் மடக்கை எடுத்திருந்தால் கெழுவை 100-ஆல் வகுத்தல் போதும். கெழு 400 கிலோ எனில், உரம் 1 சதவீதம் கூட விளைச்சல் ஏறத்தாழ 4 கிலோ கூடும்.

இங்கே ஓர் இடர் உண்டு. உரமே இடாத உழவரின் அளவு பூச்சியம். பூச்சியத்திற்கு மடக்கை இல்லை. உரம் வாங்க வசதியற்றவர்கள் இவ்வாறு ஓசையின்றிக் கணக்கிலிருந்து விடுபட்டுப் போகலாம். இதற்கெனச் சிலர் எல்லா அளவுகளோடும் 1 கூட்டுவர். அந்த ஒன்று கிலோவா, கிராமா என்பதற்கேற்பக் கெழுவே மாறிவிடுவதால், இவ்வழியை நாம் ஏற்பதற்கில்லை. அறிக்கை கைக்கு வந்ததும், விசாரிக்கப்பட்ட உழவர் எத்தனை பேர், கணக்கில் சேர்ந்தோர் எத்தனை பேர் என்னும் இரண்டு எண்களையும் முதலில் ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.