செம்பில் தெரிகிற நீ

அன்புள்ள நிலா,

உன் இரண்டு படங்களும் வந்தன. தனுஷ்கோடி தேவாலயத்தைவிட, பித்தளைச் செம்பும் எலுமிச்சம்பழமும் இருக்கிற படத்தைத்தான் அதிக நேரம் பார்த்தேன். செம்பின் வயிற்றில் ஜன்னல் தெரிகிறது. ஜன்னலுக்கு முன்னால் கேமராவோடு நீயும் நிற்கிறாய்.

போலரைசர் ஃபில்ட்டர் போட்டால் பிரதிபலிப்பு போய்விடும் என்று யாரோ சொன்னார்களாமே. தண்ணீரிலும் பளபளக்கும் இலையிலும் அது நன்றாக வேலை செய்யும். மெருகேறிய உலோகத்தில் செய்யாது. உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியில் அந்த ஃபில்ட்டர் தடுக்கக்கூடியது அநேகமாக எதுவும் இருக்காது. நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு மருந்தைத் தப்பாக எழுதிக் கொடுக்கிறவர்கள் படம் பார்த்துக் கருத்துச் சொல்கிறவர்களில் நிறைய. அவர்கள் காட்டிய குறையை ஏற்றுக்கொள். மருந்தைச் சோதித்துப் பார்.

செம்பில் தெரிவது அறைதான், அதனால் செம்புக்கு முன்னால் இருக்கிற அறையை மாற்று. ஜன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டு. தள்ளி நின்று ஜூம் செய்து எடு. கறுப்புச் சட்டை போட்டுக்கொள். டியூப்லைட்டை அணைத்துவிடு, ஜன்னல் வெளிச்சத்தோடு அது கலந்து எலுமிச்சையில் ஒரு பக்கம் பச்சை அடிக்கிறது. சுற்றியிருப்பது உதவவும் செய்யும்: 1930-ல் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்துப் படமெடுத்தார். புனலின் உட்சுவர் திருப்பி அனுப்பிய ஒளியில்தான் அதன் வளைவுகள் அப்படித் திரண்டு தெரிகின்றன.

தேவாலயப் படத்தில் கடல்கோடு வலப்பக்கம் சரிகிறது. அதை வீட்டில் உட்கார்ந்தே நிமிர்த்திவிடலாம். 1964 புயலில் இடிந்த அந்தச் சுவரின் மேல்விளிம்பு கடல்கோட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதை அப்படிப் பிரித்துவிட முடியாது. நீ கொஞ்சம் குனிந்திருந்தால் சுவர் கடலைத் தாண்டி வானத்தில் எழுந்திருக்கும். வெளுத்துப்போன வானமும் அப்படித்தான். முழு வெள்ளையான இடத்தில் மேகம் பதிவாகியே இருக்காது. பின்னால் சரிசெய்யக்கூடியது எது, மறுபடி அங்கே போய் நின்றால்தான் சரியாகக்கூடியது எது என்று பிரித்துச் சொல்கிற விமர்சனத்தையே நான் மதிப்பேன்.

படம் எடுத்த பிறகு செய்கிற வேலை ஒன்றும் இளப்பமில்லை. புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-ல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் ஊரில் எடுத்த நிலவுப் படத்தைப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டார். ஆரம்ப அச்சுகளில் மேகம் படர்ந்து வெளிறியிருந்த வானம் பிற்கால அச்சுகளில் ஏறக்குறைய கறுப்பாகிவிட்டது. எனக்கு ஆரம்ப அச்சுகள்தான் பிடிக்கும். அது வேறு விஷயம்.

உன் தோழியின் கொய்யாப்பழப் படத்துக்கு ‘சூப்பர்’ என்று எழுதியிருக்கிறாய். அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? ‘கம்போசிஷன் சரியில்லை’ என்றாலும் அதே கதைதான். உன் கண் முதலில் எங்கே போனது, பிறகு எங்கே நின்றது, எது அதை வெளியே இழுத்தது என்று எழுது. என் கண் பழத்துக்குப் போகாமல் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட தட்டுக்குப் போனது.

உன் படத்தை ஒருவர் பார்க்கும்போது ‘அன்றைக்குக் காற்று அதிகம்’ என்று ஆரம்பிக்காதே. அவர் பார்ப்பதை விட்டுவிட்டு உன் விளக்கத்தைக் கேட்கத் தொடங்கிவிடுவார். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாத இரண்டு பேர் ஒரே மூலையைக் காட்டினால், அங்கே ஏதோ இருக்கிறது. வண்ணம் தூக்கலா, குறைவா என்பதில் ஆளுக்கொன்று சொன்னால் உன் இஷ்டப்படி விட்டுவிடு.

கொய்யாப் படத்துக்குப் புதிதாகக் கருத்து எழுதியதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
மாமா