பழைய வண்டிக்குப் புதிய வேகம்

பழைய மோட்டார் வண்டியொன்றை வாங்கி, அதன் எஞ்சினுக்கு முன்னிலும் மிகுந்த சக்தியை ஊட்டவேண்டும் என்னும் அவா வாலிபர் பலர்க்கு உண்டு. அவாவிற் குற்றமில்லை. ஆயினும், யோசனையின்றிக் கண்ணிற்பட்ட உறுப்புகளையெல்லாம் வாங்கிப் பூட்டுதல் பொருளுக்கும் சிலபோது உயிருக்குமே கேடாய் முடியும். இதனை ஓர் உண்மை உதாரணத்தால் விளக்குவோம்.

1959ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த மினி என்னும் சிறு வண்டி வெளிவந்தது. அதன் எஞ்சின் 848 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 34 குதிரைச் சக்தியும் உடையது. பந்தய வண்டிகளாற் புகழ்பெற்ற ஜான் கூப்பர் என்பார் இதனை விரைவு வண்டியாக்க விரும்பினார். அவ்வாறு 1961இல் தோன்றிய மினி கூப்பர், 997 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 55 குதிரைச் சக்தியும் பெற்றது.

இம்மாறுதல் ஓர் உறுப்பினால் விளைந்ததன்று. பிஸ்டன் ஓடும் தூரம் 68.26 மில்லிமீட்டரிலிருந்து 81.28 ஆக நீட்டப்பட்டது. கார்புரேட்டர் ஒன்று இரண்டாயிற்று. காற்றுப் புகும் வால்வுகள் பெருத்தன. அழுத்த விகிதமும் உயர்ந்தது. எஞ்சின் மூச்சு விட்டு வாழும் கருவியாகும். வாய் அகன்றும் தொண்டை குறுகியிருப்பின் மூச்சு நிறையுமோ? ஆதலின் இவையெல்லாம் ஒருங்கே மாறின. அவற்றோடு முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் சேர்க்கப்பட்டமை நம் கவனத்திற்குரியது.

ஆனால் நீண்ட ஓட்டத்திற்கும் ஒரு விலையுண்டு. நிமிஷத்திற்கு 6000 சுற்றுச் சுழலும்போது, பழைய அளவிற் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 13.7 மீட்டர், நீட்டிய அளவிலோ 16.3 மீட்டர். மேலும், பிஸ்டனை நிறுத்தித் திருப்பும் விசை சுற்றின் வர்க்கத்தைப் பொறுத்து வளரும். 5000 சுற்றை 6000 ஆக்கினால், அவ்விசை 44 விழுக்காடு மிகும். இதனைத் தாங்காத உறுப்பே முதலில் முறியும்.

1963இல் வெளிவந்த கூப்பர் எஸ் வண்டியில் ஓட்டம் பழைய அளவிற்கே குறைக்கப்பட்டது, சிலிண்டரோ அகலமாக்கப்பட்டது. கொள்ளளவு 1071 கன சென்டிமீட்டர், சக்தி 70 குதிரை. கிராங்க் ஷாப்டும் உறுதிமிக்க எஃகினாற் செய்யப்பட்டது, பிரேக்குகளும் பெருத்தன. 1964இல் பாடி ஹாப்கர்க் மாண்டி கார்லோ பந்தயத்தில் வென்றது இவ்வகை வண்டியிலேயே.

இதனின்று நாம் கொள்ளத்தக்க முறை யாது? முதலாவது, வண்டி எதற்கென்று துணிக. நகரத் தெருவில் ஓடுவதற்குக் குறைந்த சுற்றிலேயே பலம் வேண்டும். பந்தயத்திற்குரிய காம்ஷாப்ட் அங்கே திணறும். இரண்டாவது, எஞ்சினைப் பிரித்துச் சிலிண்டரின் தேய்மானத்தையும் வெடிப்பையும் அளந்து பார்த்த பின்னரே உறுப்புகளை வாங்குக. மூன்றாவது, அழுத்த விகிதத்தைக் கிடைக்கும் பெட்ரோலுக்கேற்ப வரையறுக்க. மீறினால் எஞ்சின் தட்டும், பிஸ்டன் உருகும். நான்காவது, பிரேக், கிளட்ச், ரேடியேட்டர் ஆகியவற்றிற்குரிய பணத்தை முதலிலேயே ஒதுக்கி வைக்க.

ஓடும் வல்லமையைக் கூட்டுபவன் நிற்கும் வல்லமையையும் கூட்டக் கடமைப்பட்டவன். அவன் வண்டி செல்லும் தெருவிற் பிறரும் நடக்கின்றனர் அன்றோ!